பதினாறாம் நாள்

நியூசிலாந்திலிருந்து வந்த முதல் வருஷம்
லேட் மெயில் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தாள்.
பகல் சுருங்கட்டும், பிறகு நீளட்டும்,
அப்புறம் பார்க்கலாம் என்று
மூளைக்குள் ஒரு கடையைச் சாத்தியே வைத்திருந்தாள்.
பினாங்கில் பகல் சுருங்குவதில்லை.
தைப்பூசமோ தீபாவளியோ
ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது.
காத்துக் காத்து அலுத்துப் போய்
பத்து காந்தோங் லாயத்தில் ஒரு மழை மாதம்
வாலைத் தூக்கினாள்.

ஐந்து நாள், சில சமயம் ஏழு.
வேலிக்கு அப்பால் கிழட்டுப் போனி கனைத்தால்
இடுப்பைச் சாய்த்து நிற்பாள், மூத்திரம் தெளிப்பாள்.
சைஸ் ஹாருன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
அடுத்த வாரம் அதே போனியின்
நெஞ்சைக் குறிவைத்து உதைப்பாள்.
இடையில் என்ன நடந்தது என்று
போனிக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரியும். நோட்டு என்னிடம்.
முட்டை வெடித்து வெளியேறிய குழியில்
இரத்தம் கட்டி,
காயத்தில் மஞ்சள் அப்பினாற்போல்
ஒன்று விளைகிறது.
மஞ்சள் உடல் என்பார் டாக்டர் ஊய்.
இரண்டு வாரம் அது சொல்வதே சட்டம்:
கதவைச் சாத்து, சும்மாயிரு,
யாராவது வந்திருக்கலாம்.
யாரும் வரவில்லையென்றால்
கருப்பையே ஒரு சொட்டு அனுப்பி
மஞ்சளைக் கரைத்துவிடும்.
மறுபடி வால். மறுபடி போனி.

வந்தவர் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?
குதிரைக் கரு நடக்கும்.
இந்தக் கொம்பிலிருந்து அந்தக் கொம்புக்கு,
இராக் காவல்காரன் டார்ச்சோடு
பூட்டிய கடைகளைத் தட்டிப் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு சுவரிடமும் போய்
இருக்கிறேன், இருக்கிறேன் என்று.

பதினான்காம் நாள் ஸ்கேனில்
இரண்டு பேர்.
இரண்டு கோலிக்குண்டுகள், ஒட்டிக்கொண்டு.

"தவமலர், கோப்பி குடிச்சிட்டு வாங்க."
தோள்வரை ஏறிய கையுறையைக் கழற்றினார் டாக்டர்.
குதிரைக்கு இரட்டை ஆகாது.
இடம் போதாமல் இரண்டும் போகும்,
சமயத்தில் தாயும்.
ஒட்டியிருக்கும்போது ஒன்றைத் தொட்டால் மற்றதும் கெடும்.
நடக்கிறவர்கள்தானே,
ஒரு மணி நேரத்தில் பிரிவார்கள்.
கேன்டீனில் கோப்பி ஓ, கயா ரொட்டி.
மலையிலிருந்து மழை இறங்கி வந்துகொண்டிருந்தது.
ரொட்டியை முழுசாகத் தின்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பிப் போனபோது
சின்னது இடப்பக்கம் போயிருந்தது.
டாக்டரின் கை உள்ளே ஒருமுறை அழுந்தியது.
திரையில் ஒரு கறுப்பு வட்டம் இல்லை.
லேட் மெயில் காதை மட்டும் அசைத்தாள்,
ஈக்கு.

பதினாறாம் நாள் மற்றது நின்றது.
நடந்து நடந்து, ஒரு வளைவில் உடம்பு பெருத்து,
அங்கேயே தங்கிவிட்டது.
எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் என்றால் காரியம்.
கல்யாண வீட்டில் பதினாறும் பெற்று என்போம்.
'தங்கியது' என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.

நாற்பது நாளுக்குள்
பிள்ளை தன் செல்களைத் தாயின் சுவரில் ஊன்றி
கிண்ணம் கிண்ணமாய் எழுப்புகிறது.
அவற்றில் ஊறுவது அவள் இரத்தத்தில் ஏறி
இன்னும் மஞ்சள் வை என்கிறது.
வைக்கிறாள்.
வைத்துக்கொண்டே, வெள்ளையணுக்களைத் திரட்டி
கிண்ணங்களைச் சுற்றி வளைக்கிறாள்.
நான்காம் மாதத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள்.
அதற்குள் நஞ்சுக்கொடி
தன் உலையைத் தானே ஏற்றியிருக்கும்.
இதைப் பாசம் என்பதா, சண்டை என்பதா?
டாக்டர் "பயாலஜி" என்றார்.

மளிகைக்கடை நாள்காட்டியில்
அவளுக்குச் சிவப்பு வட்டம், எனக்கு நீலம்.
எனக்கு ஐம்பது. நீலம் போட்டு ஏழு மாதமாயிற்று.
நேற்று திடீரென்று வந்தபோது
லாயத்துக் கழிவறையில் தனியாகச் சிரித்தேன்.

இன்று அறுபத்திரண்டு.
பழக்கதோஷத்தில் போனி வேலியோரம் வந்து நின்றது.
லேட் மெயில் காதைப் பின்னுக்கு மடித்துவிட்டு
புல்லுக்குத் திரும்பினாள்.
உதைக்கக்கூட இல்லை.
அது என்னைப் பார்த்தது.
நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரு கேரட்டை
இரண்டாக உடைத்துக் கொடுத்தேன்.